பெருமாயி கைக் கொழுக்கட்டை

"உங்க சமையக்கட்டை நான் பாக்கணும்ங்க."

வெண்ணிலா கேட்டுவிட்டாள். அடுத்தவர் வீட்டில் போய் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவள் அம்மா சென்னம்மாள் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். "உக்காரச் சொன்ன எடத்துல உக்காரு. குடுத்ததைத் தின்னு. தண்ணி வேணும்னாக்கூட வாய் தொறந்து கேளு, தப்பில்ல. சமையக்கட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பாக்காத, பாக்கறேன்னு கேக்கவும் கேக்காத. வேண்டாம்னு சொல்ல அவங்களுக்குச் சங்கடம். அதைக் கேட்டுக்கிட்டு நிக்க நமக்குச் சங்கடம்."

எதிர் சோபாவில் இருந்த கௌதமனின் அம்மா ஜெயப்பிரியா சிரித்தபடியே இருந்தாள். சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இருந்து இறங்கிவிட்டது. கௌதமன் கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"எதுக்குக் கண்ணு இப்ப?" என்றாள் ஜெயப்பிரியா. "அங்க ஒரே பொகை. சேலையெல்லாம் எண்ணெயாயிரும்."

பிள்ளையார் சதுர்த்தி அன்றைக்கு. எடப்பாடியில் தறி ஓடாத அபூர்வமான நாள். தெருவே காது அடைத்ததுபோல் கிடந்தது. கௌதமன் வீட்டுத் தறிக்கூடமும் பூட்டிக் கிடந்தது. பனமரத்துப்பட்டி காலனியில் இருந்து வெண்ணிலா இரண்டு பஸ் மாறி இங்கே வந்தது ஒரு பதில் சொல்வதற்காக. சேலத்தில் ஒரே ஆபீசில் வேலை அவளுக்கும் கௌதமனுக்கும். காதலித்தார்கள். அவன் வீட்டில் சண்டை போட்டு, பட்டினி கிடந்து, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கியிருந்தான். இன்றைக்கு வெண்ணிலா வந்து அவன் அம்மாவிடம் சரி என்று சொன்னால் அடுத்த மாதம் நிச்சயம். இல்லை என்றால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

சரி என்று சொல்லத்தான் வந்தாள். வந்து உட்கார்ந்ததும் ஜெயப்பிரியா தன் பக்கத்துச் சங்கதியைச் சொன்னாள்.

"காலம் மாறிப் போச்சு, நாங்களும் மாறித்தான ஆவணும். உன்ற படிப்புக்கும் வேலைக்கும் ஒரு கொறையுஞ் சொல்ல முடியாது. ஒன்னே ஒன்னுதான் கண்ணு. நோம்பி நொடிக்குச் சாமிக்குப் பண்ற மாவுல நீ கை வெக்க வேண்டாம். அவரோட அம்மா காலத்துல இருந்து அப்படி. மத்தபடி இந்த ஊடு உன்ற ஊடு."

"அப்ப யாருங்க பண்ணுவாங்க?"

"பெருமாயி இருக்காள்ள. மோகனூர்ப் பக்கம். நம்மாளு. அவ கை வெச்சா சாமி தானா எறங்கி வந்து தின்னும்."

வெண்ணிலாவுக்குச் சுருக்கென்றது. 'என் கை பட்டா உங்க சாமி பஸ் ஏறி ஓடிப் போயிருமாக்கும்' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கௌதமன் பார்த்த பார்வைக்காக அடக்கினாள். மாவுதானே, போகட்டும், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, முன்னால் வைத்த தட்டைப் பார்த்தாள்.

தட்டு நிறைய கொழுக்கட்டை. தேங்காயும் வெல்லமும் கிண்டிய பூரணம் வைத்தது ஒரு பக்கம். எள்ளுப் பூரணம் வைத்தது கொஞ்சம் கறுப்பு தெரிந்தது. உளுந்தை அரைத்து வேகவைத்து உதிர்த்துக் காரம் போட்டது பிறை நிலா மாதிரி மடிந்திருந்தது. விரல் தடம் பதிந்த பிடி கொழுக்கட்டை. மிச்ச மாவைச் சுண்டைக்காயளவு உருட்டி, வேகவைத்து, கடுகும் பருப்பும் தாளித்த அம்மணிக் கொழுக்கட்டை சின்னக் கிண்ணத்தில்.

"உங்க சேலத்துல இப்ப மோமோசு மோமோசுன்னு ஒன்னு விக்கறாங்களாமே," என்றாள் ஜெயப்பிரியா.

"அதுவும் கொழுக்கட்டைதானுங்க. பூரணத்துக்குப் பதிலா கோழி."

"அட கருமமே. நல்ல நாளும் அதுவுமா."

வெண்ணிலா சிரித்துக்கொண்டே ஒரு தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டையை எடுத்தாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன கை அங்கேயே நின்றது.

அதன் வாய் மூடியிருந்த விதம். எல்லோரும் கொழுக்கட்டையின் வாயைக் குவித்து நடுவில் ஒரு மூக்கு வைப்பார்கள். இதில் மூக்கு இடது பக்கம் சாய்ந்து, நுனியில் இன்னொரு கிள்ளு வாங்கி, அணில் வால் மாதிரி மேலே சுருண்டிருந்தது. வெண்ணிலாவின் அம்மா கரும்பு வெட்டப் போன காலத்தில் கொடுவாள் பட்டு வலது ஆள்காட்டி விரல் வளைந்து போனவள். வளைந்த விரலால் குவித்தால் மாவு நேராக நிற்காது, சாயும். சாய்ந்தது பிரிந்துவிடாமல் இருக்க இன்னொரு கிள்ளு. சின்ன வயசில் அதைப் பார்த்துப் பழகிய வெண்ணிலா, கொழுக்கட்டை என்றால் அப்படித்தான் செய்வது என்று நினைத்து, நேரான விரலை வைத்துக்கொண்டு அதே கோணலைப் பழகினாள். ஹாஸ்டலில் மற்ற பெண்கள் சிரித்த பிறகுதான் அது முறை இல்லை, விரல் ஊனம் என்று தெரிந்தது. உலகத்தில் இப்படி வாய் மூடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இங்கே சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி திருச்செங்கோட்டில் ஏதோ ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்கிறாள்.

செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் வெண்ணிலா சமையற்கட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது.

"இல்லீங்க. பாத்துட்டு வந்தர்றேன்," என்று எழுந்தாள். கௌதமனும் எழுந்தான்.

"வேண்டாம் வெண்ணிலா. உக்காரு. அப்புறமா நானே கூட்டிட்டுப் போறேன்."

அவன் குரல் சரியாக இல்லை. வேண்டாம் என்பவன் முகத்தில் கூச்சம் இருக்கும், கோபம் இருக்கும். அவன் முகத்தில் பயம் இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ சொந்தக்காரர்கள் குரல் கொடுக்க, ஜெயப்பிரியா, "வாங்க வாங்க," என்று அந்தப் பக்கம் போனாள். வெண்ணிலா இந்தப் பக்கம் நடந்தாள்.

சமையற்கட்டில் புகை ஒன்றும் இல்லை. அடுப்பில் பெரிய இட்லிக் குண்டா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கீழே மணையில் உட்கார்ந்து ஒரு பொம்பளை, ஈரத்துணி போட்டு மூடிய மாவில் இருந்து ஓர் உருண்டை கிள்ளி, எண்ணெய் தொட்டு, கட்டைவிரலை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. காலனியில் சென்னம்மாள் ஒரு நாளும் திருநீறு வைத்து வெண்ணிலா பார்த்ததில்லை.

"அம்மா."

சென்னம்மாள் திடுக்கிடவும் இல்லை, நிமிரவும் இல்லை. கிண்ணத்துக்குள் பூரணத்தை வைத்தாள்.

"மெல்லப் பேசு. கொழுக்கட்டையை மொகத்துக்கிட்டக் கொண்டு போயி மொறச்சுப் பாக்காம முழுங்குவீன்னு நெனச்சேன். உனக்கு எதைத்தான் முழுங்கத் தெரியும்."

வெண்ணிலா அம்மாவின் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். ஆபீசில் மேனேஜரையே எதிர்த்துப் பேசுகிற வாயில் ஒரு சொல்தான் வந்தது.

"ஹாஸ்டலு?"

"அங்கதான் இருந்தேன். நீ பத்தாவது படிக்கறப்ப மெஸ்சை மூடிட்டாங்க. அப்ப இருந்து இங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அந்த மனுசன் லாரியில லோடு ஏத்திட்டு வந்து படுத்தா, பொண்டாட்டி எங்க இருக்கான்னா கேப்பாரு?"

"பெருமாயின்னா யாரு?"

"மெஸ்சுல என்ற கூட வேல செஞ்சவ. இந்த ஊட்டுக்கு ஆளு வேணும்னு அவளைத்தான் வரச் சொன்னாங்க. அவளுக்கு மவ ஊட்டோட போவணும். நீ போடி சென்னா, போயி நாந்தான் பெருமாயின்னு சொல்லு, மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்குதுன்னா. வந்தேன். எழுதி ஒட்டல போல. யாரும் படிக்கல."

சொல்லிவிட்டு வளைந்த விரலால் வாயைக் குவித்து, சாய்த்து, ஒரு கிள்ளு கிள்ளித் தட்டில் வைத்தாள். சதுர்த்திக்கு ஒரு வருசமும் வீட்டுக்கு வராதது, வீடியோவில் கூப்பிட்டால் எடுக்காதது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் பையில் கொண்டுவரும் பலகாரம் எல்லாம் வரிசையாக வெண்ணிலாவின் தலைக்குள் வந்து விழுந்தன. அவள் கை தானாகத் துணியை விலக்கி ஓர் உருண்டை மாவை எடுத்தது. கொதிக்கிற தண்ணீரில் நல்லெண்ணெய் விட்டு, இறக்கி வைத்துக் கிளறிய மாவு. சூடு ஆறும் முன் பிசைந்ததால் விரல் பட்டதும் குழைந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கைக்கு வேலை வேண்டும்.

"கௌதமன் இந்த ஊட்டுப் பையன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ பட்டம் வாங்குன படத்தைத் தம்பிக்குக் காட்டுனியாமே. அதுல நானும் நிக்கறேன்ல. அன்னிக்கு ராத்திரியே இங்க வந்து நின்னுச்சு. அழுதுச்சு பாவம்."

"அவனுக்குத் தெரியுமா?" வெண்ணிலாவின் கையில் மாவு நசுங்கியது. "அது நடந்து மாசக்கணக்காச்சு."

"நாந்தாண்டி சொல்லாதன்னேன். கேளு. கோவிச்சுக்காமக் கேளு." சென்னம்மாள் முதல்முறையாக நிமிர்ந்தாள். அவள் கண்ணில் ஒரு சந்தோஷம் இருந்தது. வெண்ணிலாவால் தாங்க முடியாதது அந்தச் சந்தோஷம்தான். "தம்பியும் நானும் பேசி வெச்சிருக்கறோம். கல்யாணம் நடக்கட்டும். உங்கப்பனும் என்ற தங்கச்சியும் முன்னால நிக்கட்டும். நான் இங்கயே இருந்துக்கறேன், பெருமாயியா. நீ மருமவளா வந்துருவ. ஒரே ஊட்டுல இருப்போம். தெனமும் உன்ற மூஞ்சியப் பாப்பேன். உனக்குப் புள்ள பொறந்தா என்ற கையாலதான் சோறு ஊட்டுவேன். எந்தத் தாய்க்குக் கெடைக்கும் இப்படி?"

வெண்ணிலா மாவைக் கிண்ணம் பிடித்தாள். பூரணம் வைத்தாள். மூடினாள். அடுத்ததை எடுத்தாள். அம்மா சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்க மாட்டேன் என்றது.

"தாலி கட்டறப்ப நீ எங்க நிப்ப?"

"மண்டபத்துச் சமையக்கட்டுல. எட்டிப் பாத்துக்குவேன்."

"உன்னை நான் எப்படிக் கூப்பிடறது?"

"பெருமாயின்னு கூப்பிடு. அக்கான்னு வேணா சேத்துக்கோ."

அம்மா இதைக் கேலியாகச் சொல்லவில்லை. யோசித்து வைத்திருந்தாள். வெண்ணிலாவுக்குக் காதுக்குள் சத்தம் கேட்டது, தெருவில் எல்லாத் தறியும் ஒரேயடியாக ஓட ஆரம்பித்ததுபோல. கை மட்டும் மூடிக்கொண்டே இருந்தது.

"அடக் கண்ணு, மாவுல கை வெச்சுட்டியா?"

ஜெயப்பிரியா நிலைப்படியில் நின்றாள். பின்னால் கௌதமன். சென்னம்மாள் சட்டென்று பார்வையைத் தட்டுக்குத் திருப்பிக்கொண்டாள். ஒரு விநாடியில் அவள் தோள் குறுகி, முதுகு வளைந்து, வேறொரு பொம்பளை ஆனாள். வெண்ணிலா அதைக் கண்ணால் பார்த்தாள்.

ஜெயப்பிரியா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்து வெண்ணிலாவின் தலையைத் தடவினாள்.

"பரவால்ல சாமி, எந்திரி. உன்ற மேல தப்பில்ல. தாயில்லாப் புள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பா. அதை நெனச்சுத்தான் நானே எறங்கி வந்து சம்மதிச்சேன்."

"யாருக்குங்க தாயில்ல?"

"உனக்குத்தான். கௌதம் சொன்னானே. சின்ன வயசுலயே தவறிட்டாங்கன்னு."

வெண்ணிலா கௌதமனைப் பார்த்தாள். அவன் கேஸ் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தாள். செத்துப்போனவள் ஓர் உருண்டை மாவை எடுத்து, எண்ணெய் தொட்டு, கட்டைவிரலை நடுவில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தாள். கை நடுங்கவே இல்லை. அவளுக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. இதற்கும் தலையாட்டியிருக்கிறாள்.

"பெருமாயி," என்றாள் ஜெயப்பிரியா, "இந்தப் புள்ள பண்ணுனது எது எதுன்னு பாத்துத் தனியா எடுத்துரு. மாட்டுக்கு வெச்சரலாம். எல்லாத்தையும் கொட்ட வேண்டாம், பாவம், நீ விடியறதுக்கு முன்னாடி இருந்து பண்ணுனது." தானும் குனிந்து தட்டைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "அட, எல்லாம் ஒரே மாதிரியில்ல இருக்குது. அச்சுல போட்டாப்புல."

கௌதமன் கண்ணை மூடிக்கொண்டான்.

வெண்ணிலா காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பொய். இத்தனை வருசம் பொய்யிலேயே அடுப்பு மூட்டியவள் இன்னும் ஒன்று சொன்னால் என்ன? தெரியலீங்கம்மா, எல்லாம் கலந்து போச்சு, சொன்னால் போதும். தட்டு முழுக்கச் சாமிக்குப் போகும், அல்லது தட்டு முழுக்க மாட்டுக்குப் போகும். எது நடந்தாலும் அம்மாவுடையதும் அவளுடையதும் ஒரே இடத்துக்குப் போகும். சொல்லிவிடு அம்மா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"தெரியுதுங்கம்மா," என்றாள் சென்னம்மாள்.

தெரிந்தது அவளுக்கு. நேரான விரலால் வேண்டுமென்றே சாய்த்த வாலுக்கும், வளைந்த விரலால் தானாகச் சாய்ந்த வாலுக்கும் இருக்கிற மயிரிழை வித்தியாசம். பெற்றவளுக்குத் தெரியாதா. "இதுங்க," என்று ஒன்றை எடுத்தாள். "இது. இதுவுங்க." தட்டின் ஓரத்தில் கடைசியாக இருந்த ஒன்றைத் தொட்டாள், திருப்பிப் பார்த்தாள், அது தன்னுடையது என்று திரும்ப வைத்தாள். அதன் பக்கத்தில் இருந்ததை எடுத்தாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கழுநீர் வாளியில் ஒவ்வொன்றாக விழுந்தன. பச்சை மாவு தண்ணீரில் விழும் சத்தம் பெரிதாக ஒன்றும் இருக்காது.

அதில் இரண்டாவதோ மூன்றாவதோ விழுந்தபோது வெண்ணிலா முடிவு செய்துவிட்டாள். மீதி விழுவதை முடிவு தெரிந்த ஆள் மாதிரி நின்று பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து கை கழுவினாள். விரல் இடுக்கில் இருந்த மாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"உங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்னுதான் வந்தனுங்க," என்றாள் ஜெயப்பிரியாவிடம். "இந்தக் கல்யாணம் வேண்டாம்ங்க."

ஜெயப்பிரியாவுக்கு விளங்கவில்லை. மகனைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். "என்ன கண்ணு இது? நாலு கொழுக்கட்டைக்குப் போயா?"

"ஆமாங்க. கொழுக்கட்டைக்குத்தான்."

தட்டின் மேல் இருந்த வளைந்த விரல் அசையாமல் நின்றது. வெண்ணிலாவின் வாய்க்குள் சென்னம்மாள் என்ற பேர் முழுசாக வந்து நின்றது. அதைத் துப்பினால் போதும். சாமி தின்ற கொழுக்கட்டை, இவர்கள் தின்ற சோறு, அவரோட அம்மா காலத்துச் சுத்தம் எல்லாம் இந்தச் சமையற்கட்டிலேயே கவிழ்ந்துவிடும். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஈரமான கண்ணால் வேண்டாம் என்றாள். யாருக்காக வேண்டாம் என்கிறாள் என்று வெண்ணிலாவுக்குப் புரியவில்லை. இந்த வேலைக்காகவா, மகளுக்காகவா, பெருமாயிக்காகவா. அது அம்மாவின் பேர். அம்மாதான் சொல்ல வேண்டும். வெண்ணிலா பல்லைக் கடித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள்.

கூடத்தில் சொந்தக்காரர்கள் அம்மணிக் கொழுக்கட்டையை ஸ்பூனில் அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். கேட்டுக்கு வரும்போது கௌதமன் ஓடிவந்து முன்னால் நின்றான்.

"வெண்ணிலா, உங்கம்மாதான் கேட்டுக்கிட்டாங்க. சத்தியமா. நான் முதல்ல ஒத்துக்கல."

"எங்கம்மா பயந்து கேட்டா. நீ எதுக்குச் சரின்ன?"

"எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான். யாருக்கும் கஷ்டம் இல்லாம..."

"எல்லாரும்னா யார் யாரு? சொல்லு."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதை வெண்ணிலா பார்த்தாள்.

"எங்கம்மா உசுரோட இருக்கறப்ப செத்துட்டான்னு சொல்ல உனக்கு வாய் வந்துச்சு. அவ ஆக்குன சோத்தைத் தின்ன வாய். அதே வாயில என்கிட்டக் காதல்னு சொன்ன."

"மெதுவாப் பேசலாம். கொஞ்சம் டைம் குடு."

"தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். தள்ளி நில் என்றால் தள்ளி நிற்கிறவன்தான், எப்போதும் அப்படித்தான். வெண்ணிலா செருப்பைக் காலில் மாட்டினாள். ஒரு வார் மாட்டாமல் வழுக்கியது; குனிந்து சரியாக மாட்டினாள். கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், ஆண் குரலா பெண் குரலா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், கதவு திறந்திருக்கும், ஆனால் வருகிறவள் சென்னம்மாளாக வர வேண்டும். பூட்டிக் கிடந்த தறிக்கூடங்களைத் தாண்டி, வெயில் சுடச் சுட, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.